நேர்ல பாக்காம வெளியூர் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குறது எப்படி: ஒரு வேலூர்க்காரனோட அனுபவம்

எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு. சத்துவாச்சாரில இருந்த ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குத் திரும்பிட்டார், பாலாத்துல 2021ல கரை புரண்டு வெள்ளமே போச்சு, அதனால அந்த லிஸ்ட்டை கொஞ்சம் மாத்தி எழுதணும். நான் ஒண்ணு சேப்பேன், ஸ்போர்ட்ஸ் செடான் இல்லாத செகண்ட் ஹேண்ட் கார் கடை. காட்பாடிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு நாள் பூரா சுத்துனாலும் டிசையர், எட்டியாஸ், இன்னோவா தான் நிக்கும், ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வேணும், பி.எம்.டபிள்யூ. 330ஐ வேணும்னு கேட்டா கடைக்காரர் நம்மள மேலயும் கீழயும் பாத்துட்டு "எர்டிகா ஒண்ணு நல்ல கண்டிஷன்ல கீது தம்பி"ம்பாரு.

அதனால இந்த மாதிரி வண்டி வேணும்னா புனே, மும்பை, டெல்லி, ஹைதராபாத், கொச்சின்னு தான் தேடணும், வண்டிய தொட்டுப் பாக்காமயே பாதி முடிவு எடுக்கணும். நான் ரெண்டு தடவ இறங்குனேன், மொத தடவ கை சுட்டுச்சு, ரெண்டாவது தடவ புனேலேர்ந்து ஒரு 2017 ஆக்டேவியா ஆர்.எஸ். வந்து சேந்துச்சு, இப்ப வாசல்ல தான் நிக்குது.

மொத கதைய சுருக்கமா சொல்லிடறேன். டெல்லி பக்கம் டீசல் வண்டின்னா 10 வருஷம், பெட்ரோல்னா 15 வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு 2014, 2015ல பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு, அதுலேர்ந்து வயசான டீசல் வண்டிங்க அங்கேர்ந்து மலிவா வெளிய வர ஆரம்பிச்சுது. அப்டி ஒரு பி.எம்.டபிள்யூ. 320டி, போட்டோல கண்ணாடி மாதிரி பளபளன்னு, விலையும் நம்ம பக்கத்து விலைல பாதிக்குக் கொஞ்சம் மேல. ராத்திரி பூரா போட்டோவயே பாத்துகினு இருந்தேன், விடிஞ்சதும் 25,000 டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டேன். அதுக்கு அப்பால தான் ஃப்ரெண்டோட மச்சானை விட்டுப் பாக்கச் சொன்னேன், அவரு டிக்கில ஸ்பேர் வீல் பள்ளத்துல கைய விட்டா காஞ்ச சேறு, சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தா ஒரு பழுப்புக் கோடு. வெள்ளத்துல முழுகின வண்டி. டோக்கன் திரும்பி வரல, கடைக்காரர் போன எடுக்கறதே நிறுத்திட்டார். போதாக்குறைக்கு அந்தக் காலத்து 320டி இன்ஜின்ல டைமிங் செயின் பின்பக்கம் கியர்பாக்ஸ் ஓரமா இருக்கும், அதுல கை வைக்கணும்னா பெரிய பிரிப்பு வேலைன்னு எங்க மெக்கானிக் பாய் அப்பறமா தான் சொன்னாரு. முன்னாடியே அவருகிட்ட கேட்டிருக்கணும், கேட்டா வேணாம்னுடுவாரோன்னு பயந்து கேக்கல, உண்மை அதான்.

சரி, இப்ப ஒழுங்கா எப்டி பண்றதுன்னு வருவோம்.

மொதல்ல எந்த மாடல்ல எது போகும்னு படிச்சுக்கோங்க, விக்கிறவன விட நமக்குக் கொஞ்சம் அதிகமா தெரியணும். ஆக்டேவியாவயே எடுத்துக்கோங்க, இங்க வந்த 1.8 டி.எஸ்.ஐ. பெட்ரோல்ல இருக்கறது 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கியர மாத்தற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போற பேச்சு இதுல அடிக்கடி வரும். 2017ல வந்த ஆர்.எஸ்.ல 2 லிட்டர் டர்போ, 230 பி.எஸ்., 350 நியூட்டன் மீட்டர், அதுக்கு 6 ஸ்பீடு வெட் கிளட்ச், அதாவது ஆயில்ல முங்கி ஓடற கிளட்ச், இது கெட்டியான பொட்டி தான், ஆனா 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாத்தியே ஆவணும். 2020ல 200 வண்டி மட்டும் இறக்கினாங்களே ஆர்.எஸ். 245, அதுல 7 ஸ்பீடு, ஆனா அதுவும் வெட் கிளட்ச். வெளிய பாத்தா எல்லாமே ஆக்டேவியா தான், உள்ள பொட்டி வேற வேற, இது தெரியாம போன் போட்டா எதிர்ல இருக்கறவன் நம்மள அஞ்சு நிமிஷத்துல எடை போட்டுடுவான்.

போன் போடறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்தே பண்ற வேலை நெறைய இருக்கு, நம்பர் பிளேட் மட்டும் தெரிஞ்சா போதும். போட்டோல நம்பர மறைச்சிருந்தா கேளுங்க, தரலன்னா அடுத்த வண்டி பாருங்க, இதுல பேச்சே இல்ல. கவர்ன்மென்ட்டோட எம்-பரிவாகன் ஆப்ல நம்பர போட்டா எந்த ஆர்.டி.ஓ., ரெஜிஸ்டர் ஆன தேதி, எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எது வரைக்கும், லோன் ஓடுதா இல்லயான்னு நெறைய விஷயம் வந்துடும். இ-சலான் சைட்ல ஃபைன் பாக்கி பாருங்க, ஸ்போர்ட்ஸ் வண்டின்னா ஓவர் ஸ்பீடு ஃபைன் வரிசையா இருந்தா ஆச்சரியப்படாதீங்க, எனக்குப் பாக்கிய விட அதோட தேதியும் இடமும் தான் முக்கியமா பட்டுது, வண்டி எப்ப எங்க ஓடிகினு இருந்துச்சுன்னு அது சொல்லிடும். ஒருத்தன் "ரெண்டு வருஷமா வண்டிய எடுக்கவே இல்ல, ஷெட்ல தான் கீது"ன்ற அர்த்தத்துல இந்தில சொல்றான், மூணு மாசம் முன்னாடி எக்ஸ்பிரஸ் வேல மாட்டுன சலான் சைட்ல நிக்குது.

அடுத்து இன்சூரன்ஸ் பேப்பர் காப்பி கேட்டு அதுல நோ கிளெய்ம் போனஸ் எத்தன பர்சென்ட்னு பாருங்க. ஒரு வருஷம் கிளெய்ம் இல்லன்னா 20, அப்பறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் தொடர்ந்து கிளெய்ம் இல்லன்னா 50. ஆக்சிடென்டே இல்லன்னு சத்தியம் பண்றவரோட பாலிசில போனஸ் பூஜ்யமா இருந்தா ஏன்னு கேளுங்க. சில சமயம் நியாயமான காரணம் இருக்கும், ஓனர் மாறுன மொத வருஷம்னா பூஜ்யமா இருக்கலாம், ஏன்னா அந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்ல, நமக்கும் அது வராது. 50 இருந்தாலும் கைக்காசு போட்டு டிங்கர் வேலை பாத்திருக்கலாம், அதனால இத மட்டும் நம்பிட முடியாது.

சர்வீஸ் ஹிஸ்டரி கேக்கும்போது "இருக்கு சார், ஃபுல் ரெக்கார்டு"ன்னு வாயால சொல்றத விட்டுட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டர்லேர்ந்து சேசிஸ் நம்பர் போட்டு எடுத்த பிரிண்ட் கேளுங்க, ஓனர் கேட்டா குடுப்பாங்க. அதுல தேதியும் கிலோமீட்டரும் வரிசையா ஏறணும். நடுவுல ஒண்ணரை வருஷம் ஓட்டை இருந்தா அந்தச் சமயத்துல வெளிய எங்கயோ வேலை நடந்திருக்கு, என்ன வேலைன்னு தெரியணும்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க போகலன்னாலும் ஒருத்தர் போயே ஆவணும், அதுவும் டோக்கன் போடறதுக்கு முன்னாடி. வீடியோ கால் எல்லாம் போதாது, கேமரா அவன் கைல இருக்கு, அவன் காட்டறத தான் நீங்க பாப்பீங்க. காசு குடுத்தா வண்டிய செக் பண்ற ஆளுங்க எல்லா பெரிய ஊர்லயும் இருக்காங்க, ஆனா விக்கிறவரே "எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு"ன்னு சொல்ற ஆள மட்டும் வேணாம். நம்ம வேலூர்க்காரங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, யோசிச்சா தான் தெரியும். விஐடில நாடு பூராலேர்ந்தும் பசங்க படிக்கறாங்க, உங்க தெருவுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பையனுக்கு அந்த ஊர்ல மாமாவோ ஃப்ரெண்டோ கண்டிப்பா இருப்பான், இந்தி பேசறதுக்கும் அவனே ஆச்சு. கம்மவான்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க, யாராவது ஒருத்தருக்கு புனேலயோ டெல்லிலயோ போஸ்டிங் இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆளுங்க கான்பூர், ஆக்ரா போயி வந்துகினே இருப்பாங்க. எனக்குப் போனது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதாரோட பையன், புனேல வேலை. அவருக்கு வண்டியப் பத்தி பெருசா எதுவும் தெரியாது, அது தான் நல்லதாப் போச்சு, நான் சொன்னத அப்டியே ஒண்ணு விடாம பண்ணாரு, தானா எதையும் முடிவு பண்ணல. கூட ஒரு மெக்கானிக்கையும் கூலி பேசி அனுப்புனேன்.

சுபேதார்னதும் ஞாபகம் வருது, "நான் ஆர்மில இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்ஃபர், வண்டி கேம்ப்புல நிக்குது, மிலிட்டரி பார்சல்லயே அனுப்பிடறேன், காச மட்டும் போடுங்க"ன்னு ஐடி கார்டு போட்டோவோட வர்ற மெசேஜ் பழைய திருட்டு. அத பக்கத்து வீட்டு சுபேதாருகிட்ட காட்டுனேன், கார்ட பாத்துட்டு அஞ்சு நிமிஷம் சிரிச்சாரு, அப்பறம் கோவம் வந்து அந்த நம்பருக்கு போன் போட்டு எந்த ரெஜிமென்ட்டுன்னு கேட்டாரு, கட் பண்ணிட்டான்.

போற ஆளு காலங்காத்தால போவணும், வண்டிய ராத்திரியிலேர்ந்து ஸ்டார்ட் பண்ணிருக்கக் கூடாது. போனதும் மொத வேலை பானட்ட தொட்டுப் பாக்கறது, சூடா இருந்தா எதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சான்னு சந்தேகப்படணும். ஸ்டார்ட் பண்ணும்போது ரெண்டு செகண்ட் செயின் சத்தம் கலகலன்னு வருதா, சைலன்சர்ல நீலப் புகை வருதா, அந்த ஒரு நிமிஷத்த ஒருத்தர் பின்னாடி நின்னு வீடியோ எடுக்கணும், சூடான இன்ஜின் இது ரெண்டையும் மறைச்சுடும். கூலன்ட் டப்பால லெவல் பாருங்க, இந்த 2 லிட்டர் இன்ஜின்ல வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக்ல இருக்கும், அங்க கசியறது ரொம்ப சகஜம், கீழ பிங்க் கலர்ல காஞ்ச கறை தெரியும். புனே குளுருக்கு அது தாக்குப் பிடிக்கும், மே மாசம் நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னல்ல ஏசி போட்டுகினு நின்னா தெரியும் சேதி.

அப்பறம் ஸ்கேனர். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிக்குன்னே இருக்கற ஸ்கேனர் உள்ள மெக்கானிக்க புடிங்க, எர்ரர் கோடு பாக்கறது மட்டும் இல்ல, கிலோமீட்டர் கணக்கு மீட்டர்ல மட்டும் இருக்காது, வண்டிக்குள்ள இருக்கற வேற சில கம்ப்யூட்டர் மாடியூல்லயும் பதிஞ்சிருக்கும், மீட்டர்ல 48,000 காட்டுது, உள்ள ஒரு இடத்துல 91,000 இருக்குன்னா அங்கயே டாட்டா காட்டிட்டு வந்துடலாம். எல்லா கோடும் அன்னிக்குத் தான் கிளியர் பண்ணிருந்தாலும் அதுவும் தெரிஞ்சுடும், அதுவும் ஒரு பதில் தான்.

பெயின்ட் அளக்கற மீட்டர் ஒண்ணு உண்டு, கம்பெனி பெயின்ட்னா பொதுவா 100லேர்ந்து 150 மைக்ரான் சுத்தி இருக்கும், 250, 300 காட்டுனா மறுபடி அடிச்சது, 500 தாண்டுனா உள்ள பட்டி. பம்பர் பிளாஸ்டிக், அதுல சாதா மீட்டர் வேலை செய்யாது. பம்பரும் ஃபெண்டரும் அடிச்சிருந்தா பரவால்ல, நம்ம ஊர் ஆட்டோக்கு நடுவுல ஓட்டுனா யாரு வண்டிக்கு தான் அடிபடல, ஆனா ரூஃப்லயும் அதத் தாங்கற பில்லர்லயும் அளவு ஏறுனா வேணாம். கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் மூலைல வருஷக் குறி இருக்கும், அஞ்சு கண்ணாடி ஒரே வருஷமும் ஒண்ணு மட்டும் வேறயும் இருந்தா அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம். நாலு டயரும் நாலு கம்பெனின்னா ஓனர் இந்த வண்டிக்குச் செலவு பண்ண மனசு இல்லாதவர், அப்ப டி.எஸ்.ஜி. ஆயிலும் மாத்தியிருக்க மாட்டாரு. இது என் கணக்கு, இது வரைக்கும் தப்புனதில்ல.

முழுகின வண்டி கண்டுபுடிக்கறது மேலயே சொல்லிட்டேன், சீட் பெல்ட், ஸ்பேர் வீல் பள்ளம், கூட சீட்டு தண்டவாளத்துல துரு, மிதியடிக்குக் கீழ ஒரிஜினல் கார்ப்பெட்ட தூக்கி மோந்து பாக்கறது. மூக்க வெக்க வெக்கப்படற ஆள அனுப்பாதீங்க.

ஸ்போர்ட்ஸ் செடான்ல மட்டும் வர்ற பஞ்சாயத்து ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர் ஃபைல மாத்தி பவர ஏத்தறது. அதுல மொத படியான ஸ்டேஜ் 1 அடிச்சு 230 குதிரைய கூட்டியிருப்பாங்க, அதுல தப்பு இல்ல, ஒழுங்கா பண்ணி ஒழுங்கா ஓட்டுனா வண்டி நல்லாவே இருக்கும், மறைச்சு விக்கறது தான் தப்பு. நேரா கேளுங்க, யாரு ஃபைல், எந்த கடை, எப்ப அடிச்சது, பழைய ஃபைல் போட்டுத் தருவீங்களா, கழட்டுன ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா. சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர கழட்டி எறிஞ்ச வண்டிய எடுத்துகினு வந்தா இங்க இன்ஸ்பெக்ஷன்ல நிக்கும்போது நாம தான் பதில் சொல்லணும். புனே ஓனர் நான் கேக்கறதுக்கு முன்னாடியே "ஸ்டேஜ் 1 ஒரு வருஷம் போட்டிருந்தேன், எடுத்துட்டேன், பில் இதோ"ன்னு அனுப்புனாரு, அந்த ஒரு மெசேஜ்ல எனக்குப் பாதி பயம் போச்சு. அதுக்குன்னு ஸ்கேன விடல.

காசு விஷயம். ஆர்.சி.ல என்ன பேரோ அதே பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்ட்டுக்கு மட்டும் தான் போடணும், மச்சான் நம்பர், டிரைவர் நம்பர், கடைப் பையன் நம்பருக்கு எல்லாம் கூடாது. ரெண்டு லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படியே கூடாது, அதனால ரொக்கம் குடுத்தா குறைச்சுத் தரேன்றவன் பேச்சு நமக்கு வேணாம். டோக்கன் சின்னதா, எதுக்கு, எந்த நிலைல திருப்பித் தரணும்னு வாட்சப்ல எழுதி அவர் சரின்னு சொன்ன அப்பறம் போடுங்க. லோன் இருந்த வண்டின்னா பேங்க் குடுக்கற என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லன்ற சர்டிபிகேட்), லோன எடுக்கற ஃபார்ம் 35ம் கைல வரணும், "லோன் கட்டி முடிச்சாச்சு"ன்றது வாய் வார்த்தை, ஆர்.சி.ல பேங்க் பேரு எடுத்திருக்கணும்.

பேப்பர்ல தான் நெறைய பேரு வழுக்கறாங்க. வேற ஸ்டேட் வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. குடுக்கற என்.ஓ.சி. ஃபார்ம் 28, அதுல வேலூர் ஆர்.டி.ஓ.ன்னு சரியா போட்டிருக்கணும், ராணிப்பேட்டைல வீடு வெச்சுகினு வேலூருக்கு என்.ஓ.சி. வாங்கிட்டு அலையறவங்கள பாத்திருக்கேன், 2019ல மாவட்டம் மூணா பிரிஞ்சது பலருக்கு இன்னும் மனசுல ஏறல, உங்க அட்ரஸ் டிஎன் 23ஆ 73ஆ 83ஆன்னு மொதல்ல பாத்துக்கோங்க. ஓனர் பேர் மாத்தறதுக்கு விக்கறவர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 29, ஃபார்ம் 30, நம்ம சைடுல புது நம்பருக்கு ஃபார்ம் 27, கூட ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், அவரோட ஐடி காப்பி, முக்கியமா வண்டி புதுசா வாங்குனப்ப குடுத்த இன்வாய்ஸ். டேக்ஸ் கணக்குக்கு அந்த இன்வாய்ஸ் கேப்பாங்க, அது இல்லாம நான் ரெண்டு வாரம் திண்டாடுனேன்.

டேக்ஸ்னா சும்மா இல்ல. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து புது கார் 20 லட்சத்துக்கு மேல போனா ஆயுள் வரி 20 பர்சென்ட், பழைய வண்டிக்கு வயசுக்கு ஏத்த மாதிரி குறையும், ஆனாலும் லட்சக்கணக்குல வரும். அதனால வெலை பேசறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போயி இந்த வருஷ மாடல், இந்த இன்வாய்ஸ் விலைன்னு சொல்லி எவ்ளோ ஆவும்னு கேட்டுக்கோங்க. புனேல ரெண்டு லட்சம் குறைவா கிடைச்சதுன்னு குதிச்சா அந்த ரெண்டும் இங்க டேக்ஸ்ல போயிடும். அங்க கட்டுன டேக்ஸ்ல மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், இங்க ரெஜிஸ்டர் ஆன அப்பறம் தான், மெதுவா தான் வரும், அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. 12 மாசத்துக்கு மேல வேற ஸ்டேட் நம்பர்ல வெச்சு ஓட்டக் கூடாதுன்றது மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு, அதுக்காக 11 மாசம் சும்மா இருந்துடாதீங்க, விக்கறவர் போன் எடுக்கற வரைக்கும் தான் பேப்பர் வேலை ஈசி. இன்சூரன்ஸ 14 நாளைக்குள்ள நம்ம பேருக்கு மாத்த அப்ளை பண்ணிடணும்.

வண்டிய கொண்டு வர்றதுக்கு ரெண்டு வழி. கேரியர் லாரில போட்டா மூடின லாரியா கேளுங்க, இந்த வண்டிங்க தாழ்வா இருக்கும், ஏத்தும்போது முன்பக்கம் உரசும், ஏத்தறதுக்கு முன்னாடி சுத்தி வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நான் ஓட்டிகினு வந்தேன். சத்துவாச்சாரி வாசல்ல ஓடற அதே என்.எச். 48 தான் புனேவையும் தொட்டுட்டுப் போவுது, பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வாணியம்பாடின்னு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு நாளா பிரிச்சு வந்தேன். தாவணகெரேல பெண்ணெ தோசை, அதுக்காகவே ராத்திரி அங்க தங்குனேன். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு சாவியும் வாங்கிட்டீங்களா பாருங்க, இன்னொரு சாவி தொலைஞ்சு போச்சுன்னா புது சாவி செலவ விலைல கழிக்கணும். அப்பறம் ஒண்ணு, யாருக்கும் தோணாது, இந்த வண்டிங்கள்ல வீலுக்கு ஒரு போல்ட்டு மட்டும் லாக் போல்ட்டா இருக்கும், அத கழட்டற சின்ன அடாப்டர் டூல் கிட்ல இருக்கணும், அது இல்லாம ஹைவேல பஞ்சர் ஆச்சுன்னா ஸ்டெப்னிய கைல வெச்சுகினு வேடிக்க தான் பாக்கணும். என் வண்டில அது டாஷ்போர்டு பொட்டிக்குள்ள பழைய பில்லுங்களுக்கு நடுவுல கிடந்துச்சு.

வழி பூரா மெதுவா தான் வந்தேன், நிறுத்தும்போது எல்லாம் கூலன்ட் லெவல், கீழ சொட்டுதான்னு பாத்துகினே வந்தேன். வாணியம்பாடி டோல் தாண்டுன அப்பறம் தான் காலை கொஞ்சம் அழுத்துனேன், பள்ளிகொண்டா டோல்ல இருந்தவரு எம்.எச். 12 நம்பர பாத்துட்டு இந்தில பேசுனாரு, நானும் இந்தில ஏதோ உளறிட்டு வந்துட்டேன்.

வந்த வாரமே இன்ஜின் ஆயில், டி.எஸ்.ஜி. ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் மாத்திட்டேன், பில்லு என்னவா இருந்தாலும், எனக்குத் தெரிஞ்சு ஒரு தேதிலேர்ந்து கணக்கு ஆரம்பிக்கணும். இதுக்குன்னு வண்டி விலைல பத்து பர்சென்ட்டாவது தனியா எடுத்து வெச்சுக்கோங்க. சர்வீஸுக்கு நான் சென்னை போறேன், 140 கிலோமீட்டர், பெங்களூருன்னா 210. டிஎன் 23 நம்பர் வந்த அப்பறம் ஃபாஸ்டேக்லயும் இன்சூரன்ஸ்லயும் புது நம்பர மறக்காம மாத்திடுங்க, நான் ஃபாஸ்டேக்க மறந்துட்டு பள்ளிகொண்டாலயே ரெட்டைக் காசு கட்டுனேன்.